எஸ். சுடர்விழியும் சி. சுடர்விழியும்

நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் சுடர்விழி செய்வது ‘பேக்கிங் வேலை’ என்று ஆகிவிட்டது. அதற்கு அவளேதான் காரணம். லினக்ஸ் இயங்குதளம் என்று பேச்சைத் தொடங்கினால் அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அதனால் ஒருநாள், “யாரோ எழுதின புரோகிராமைக் கட்டி, எல்லார் கம்ப்யூட்டருக்கும் போற மாதிரி அனுப்புறேம்மா” என்று சுருக்கிச் சொன்னாள். அம்மா அதை இன்னும் சுருக்கித் தெருவுக்குச் சொல்லிவிட்டாள்.

“எம் பொண்ணையும் ஒங்க பேக்கிங்ல சேத்துவுடேன் கண்ணு” என்று எதிர்வீட்டு ஈஸ்வரி கேட்டபோது, இல்லையென்று சொல்ல சுடர்விழிக்கு வாய் வரவில்லை. தன் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் அவள். எழுதுவது யாரோ, அவள் கட்டுவது மட்டும்தான். இது வேலைதானா என்று அவளுக்கே சந்தேகம்.

இப்போது அவள் கட்டியிருந்தது, தரவை மின்னல் வேகத்தில் அமுக்கி, அதே வேகத்தில் விரிக்கும் ஒரு நிரல் தொகுப்பு. லினக்ஸின் புதுப் பதிப்பில் அதைச் சேர்க்க இன்றே கடைசி நாள். விட்டால் அடுத்த பதிப்புவரை காத்திருக்க வேண்டும்.

காலையில் அனுப்பியது மதியமே திரும்பி வந்தது. வெளிநாட்டிலிருந்து சரிபார்ப்பவர் எழுதியிருந்தார்: ‘இதற்குப் பொறுப்பாளர் ஒருவர், திருத்தியிருப்பவர் வேறொருவர். பொறுப்பாளருடைய சம்மதம் எங்கே?’

ஓர் இடத்தில் எஸ். சுடர்விழி, இன்னோர் இடத்தில் சி. சுடர்விழி. அப்பா பெயர் செல்லதுரை. ஆங்கிலத்தில் அதற்குப் பள்ளிக்கூடத்தில் எஸ் போட்டார்கள், ஆதாரில் சி போட்டார்கள். கைப்பழக்கத்தில் அவளும் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டாள். ஊருக்குள் என்றால் ‘இருவரும் ஒருவரே’ என்று ஒரு சான்று வாங்கிக்கொள்ளலாம். அந்த வெளிநாட்டுக்காரருக்கு எந்த விஏஓவிடம் போய் நிற்பது?

வைக்கோல் கட்டும் மிஷின் ஓட்டிவிட்டு, தலையெல்லாம் தூசியாக அப்பா உள்ளே வந்தார்.

“அப்பா, ஒங்க பேருக்கு எஸ்ஸா, சியா?”

“எனக்கு ‘செ’. எஸ்ஸு சியெல்லாம் படிச்சவங்க பாடு. ஏன், என்னாச்சு?”

சொன்னாள். “அதென்ன சாமான், அமுக்குறது?” என்றார்.

“ஒங்க மிஷின் வைக்கோலை அமுக்குதுல்ல, அது மாதிரிதாம்பா. ஆனா இதைப் பிரிச்சா ஒரு துரும்பு கொறையாது.”

“அப்ப என்னைய மட்டும் ஏன் ஒத்தை எழுத்தா அமுக்குன? பிரிச்சா நான் வருவேனா, கீழத்தெரு செல்வராசு வருவானா?”

சுடர்விழிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இன்ஷியலை அழித்துவிட்டு, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ‘சுடர்விழி செல்லதுரை’ என்று முழுசாக எழுதி அனுப்பினாள்.

பொழுது சாயும் நேரத்தில் பதில் வந்தது. “வாய்விட்டுப் படி” என்று அப்பா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.

“அன்புள்ள செல்லதுரை, உங்கள் தொகுப்பு ஏற்கப்பட்டது. அருமையான வேலை.”

வேலை என்றுதான் எழுதியிருந்தார். சுடர்விழி அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா அதற்குள் வாசலுக்குப் போய்விட்டார்.

“ஈஸ்வரி! பேக்கிங்ல என்னையும் சேத்துட்டாங்க. ஒம் பொண்ணு விஷயத்தை நானே சொல்லிப் பாக்குறேன்!”