நாலு பாட்டு யானை

எனக்குப் பாட்டு என்றால் கிட்டார்தான். வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். வாசிக்கிறவர்களைவிடக் கேட்கிறவர்களுக்குத்தான் திமிர் அதிகம் என்பதற்கு நானே சாட்சி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே, யார் எந்தப் பாட்டைப் போட்டாலும் முதலில் அதில் கிட்டார் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் பாட்டு, இல்லாவிட்டால் சத்தம். நடுவில் எதுவும் கிடையாது.

வாய்த்த மனிதரும் அப்படியே. கடைவீதியை ஒட்டி மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கிட்டார் வாசிப்பார், முகூர்த்த நாட்களில் கல்யாணக் கச்சேரிக்குப் போவார். நாள் முழுக்கக் கரண்ட்டோடு மாரடிக்கிற ஆளுக்குப் பாட்டில் மட்டும் கரண்ட் ஆகவே ஆகாது. கம்ப்யூட்டரில் செய்த பாட்டு எங்கேயாவது காதில் விழுந்தால் போதும். "பிளக்கைப் புடுங்குனா செத்துடும்மா இது" என்பார். பஸ்ஸில், டீக்கடையில், பக்கத்து வீட்டுப் பிறந்தநாளில், அந்த டொம் டொம் கேட்கிற இடத்திலெல்லாம் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். விருத்தாசலத்தில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் காது இருக்கிறது என்கிற மாதிரி ஒரு பார்வை. பிள்ளை இல்லாத வீட்டில் அதுவும் ஒரு சொத்துதான்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு, கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோவில் ஏற்றும்போதே முடிந்துவிட்டது.

நான் அழவில்லை. அடக்கத்தில் அழவில்லை, முப்பதாம் நாள் ஜெபத்திலும் அழவில்லை. பிடிவாதமெல்லாம் ஒன்றுமில்லை. வரவில்லை, அவ்வளவுதான். கம்மாபுரத்திலிருந்து என் அக்கா வந்து ஒரு மாதம் கூட இருந்தாள். தினமும் சாயங்காலம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழுதுடுடி. உள்ளயே வெச்சிக்கினு இருந்தா நெஞ்சுல கட்டிக்கும்" என்பாள்.

"வந்தா அழுவ மாட்டனாக்கா?" என்பேன். கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்கிற குரலில்தான் அது வந்தது. எனக்கே கேட்டது.

அக்கா ஊருக்குப் போன மறுநாள், அவர் சர்ச்சில் வாசித்ததை எப்போதோ நான் பதிவு செய்து வைத்திருந்தேன், அதைப் போனில் போட்டுக் கேட்டேன். நான் வேண்டுமென்றே செய்ததுதான். இதற்காவது அழுகை வருமென்று நினைத்தேன். கம்பி அதிர்வது கேட்டது. எந்த இடத்தில் விரல் மாறுகிறது என்பதுகூடத் தெரிந்தது. ஆனால் பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் எப்படிக் கேட்டுக்கொண்டிருப்பேனோ அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு கிட்டார்ப் பாட்டுகளைப் போட்டேன். அவையும் மிக்சிதான். அன்றைக்குத்தான் பயந்தேன். அவர் செத்ததற்குக்கூட அப்படிப் பயப்படவில்லை. இனிமேல் எனக்கு எதுவுமே பிடிக்காதோ, சோறும் வெயிலும் பாட்டும் கடைசி வரைக்கும் ஒரே மாதிரிதான் இருக்குமோ என்று பயந்தேன். பயமும் ஒரு வாரத்தில் மரத்துப்போனது. வேலைக்குக் கிளம்பிவிட்டேன்.

செராமிக் கம்பெனியில் எனக்கு ஒன்பது வருஷ வேலை. அச்சு ஊற்றுகிற கொட்டகையில் நாங்கள் ஆறு பெண்கள், நான்தான் மூத்தவள். வெள்ளைக் களிமண்ணை மோர் மாதிரிக் கரைத்து பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவோம். அச்சு மெதுவாகத் தண்ணீரைக் குடிக்கும். குடிக்கக் குடிக்க உள்சுவரில் மண் படிந்து தடிக்கும். வேண்டிய அளவு தடித்ததும் மீதிக் கரைசலைக் கவிழ்த்துக் கொட்டிவிட வேண்டும். அப்புறம் அச்சைப் பிரித்தால் உள்ளே வெற்றாக இருக்கும் ஒரு யானைப் பொம்மை கிடைக்கும். காயவைத்து, சாயம் கொடுத்து, சூளைக்கு அனுப்புவோம்.

எப்போது கவிழ்ப்பது என்பதுதான் கேள்வி. சுவரில் கடிகாரம் இருக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. வரிசையாக முப்பது அச்சுக்கு ஊற்றிக்கொண்டே போகும்போது ஒவ்வொன்றுக்கும் மணி ஞாபகம் வைக்க முடியாது, கையெல்லாம் மண்ணாக இருப்பதால் போனையும் தொட முடியாது. அதனால் எங்கள் கொட்டகையில் அளவு பாட்டுதான். யானைக்கு நாலு பாட்டு. ஊறுகாய் ஜாடிக்கு ஆறு. எந்தப் பாட்டில் ஊற்றினாயோ, அதிலிருந்து எண்ணிக் கவிழ்க்க வேண்டியது. மழை நாளில் யானைக்கு ஒரு பாட்டு கூடுதல். ஸ்பீக்கரைப் பாலித்தீன் கவரில் போட்டு ஆணியில் மாட்டியிருப்போம். பாட்டு போடுவது ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸில் வருகிற ஒரு பெண், எங்களில் இளையவள், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆனவள். அவள் போடுவதெல்லாம் கம்ப்யூட்டர் பாட்டு. டொம் டொம், டிக் டிக், நடுவில் பொம்மை பேசுகிற மாதிரி ஒரு குரல். எல்லாம் மூணரை நிமிஷத்தில் முடிந்துவிடும். யானைகள் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தன.

நான் திரும்பி வந்த இரண்டாவது வாரத்தில், "இன்னிக்கு எம் பாட்டைப் போடும்மா" என்றேன். ஆசையினால் இல்லை. மற்றவர்களோடு சேர்ந்து கேட்டாலாவது அந்தக் கிட்டார் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்கத்தான். புருஷனை இழந்தவள் கேட்கும்போது யார் மறுப்பார்கள்? போட்டாள். என் பாட்டுகளில் ஒன்று எட்டு நிமிஷம், ஒன்று ஒன்பது. எனக்கு அது தோன்றவேயில்லை. மற்றவர்களும் பேசிக்கொண்டே, வழக்கம்போல் நாலு பாட்டு எண்ணிக் கவிழ்த்தார்கள். கரைசல் மிகக் கொஞ்சமாக வெளியே வந்தது. யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த யானைகளின் கால்கள் நாலும் உள்ளே அடைத்துப்போயிருந்தன. வெளியே காய்ந்தாலும் காலுக்குள் ஈரம். சூளையில் போட்டதும் வெடித்தன. மறுநாள் சூளையைத் திறந்தபோது காலில்லாத யானைகளாக வரிசையாகப் படுத்துக் கிடந்தன. பக்கத்தில் இருந்த நல்ல சாமான்கள் மேலெல்லாம் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தது.

முதலாளி வந்து பார்த்தார். "என்னம்மா ஆச்சு?" என்றார். அந்தப் பெண் முந்திக்கொண்டு, "கரைசல் கெட்டியா இருந்துது சார். நாங்க பாக்காம உட்டுட்டோம்" என்றாள். மற்ற நாலு பேரும் தலையாட்டினார்கள். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, உங்க பாட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா யானைக்கு ஒத்துக்காதுக்கா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. நொறுங்கிய கால்களை முறத்தில் அள்ளிக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினேன்.

அதற்குத் தண்டனையா, ஆறுதலா என்று தெரியவில்லை, பாட்டை எண்ணுகிற வேலையை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இனி நான் சொன்னால்தான் கவிழ்ப்பது. சுலபம் என்று நினைத்தேன். அந்தப் பாட்டுகளோ ஒன்று முடிவதற்குள் அடுத்தது நுழைந்துவிடும். சந்தையில் கை மாறுகிற மாடு மாதிரி, எப்போது யாருடையது ஆனது என்றே தெரியாது. தப்பாக எண்ணினால் மறுபடியும் கால் வெடிக்கும். வேறு வழியில்லாமல் கவனித்துக் கேட்டேன். என் வாழ்க்கையில் அந்த மாதிரிப் பாட்டைக் கவனித்துக் கேட்டது அப்போதுதான் முதல் தடவை.

முதலில் முடிவுகள் பிடிபட்டன. அப்புறம் ஆரம்பங்கள். ஒரு மாதம் கழித்து, ஒரே டொம் டொம் என்று நான் நினைத்தது ஒரே டொம் டொம் இல்லை என்று தெரிந்தது. இரண்டாம் சுற்றில் கொசு பறப்பது போல ஒன்று சேரும். மூன்றாம் சுற்றில் இன்னொன்று. இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போய், சட்டென்று அத்தனையையும் எடுத்துவிடுவார்கள். ஒரு நொடி எதுவுமே இருக்காது. அந்த இடத்தில், ராட்டினம் இறங்கும்போது ஆகிற மாதிரி, என் வயிறு இறங்கியது. முதல் தடவை அது நடந்தபோது பசி என்று நினைத்து டீ குடித்தேன்.

மெல்ல மெல்லத்தான் புரிந்தது. கிட்டாரில் எப்போதும் ஒரு கை இருக்கிறது. யார் வாசித்தாலும் எனக்கு அந்தக் கை தெரியும், அது யாருடையது இல்லை என்பதும் தெரியும். இந்தப் பாட்டுகளில் கையே கிடையாது. யாரையும் தேட வேண்டியதில்லை. அதில் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. நான் இத்தனை வருஷம் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் அதில் எனக்கு வேண்டியதாக இருந்தது.

ஒரு நாள் ஒரு பாட்டை இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

"புடிச்சிருக்குதாக்கா?"

"இல்லடி. எண்ணிக்கைய உட்டுட்டேன். அதான்."

பொய். அவளுக்கும் தெரியும், மறுபடியும் போட்டாள். அதன் பிறகு பஸ்ஸில் அந்த மாதிரிப் பாட்டு வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டில் பாத்திரம் கழுவும்போது கால் தன்பாட்டுக்குத் தாளம் போட்டது. பார்த்ததும் நிறுத்திவிடுவேன். செத்த மனிதரைப் பற்றிப் புறணி பேசிவிட்ட மாதிரி இருக்கும். ஆனாலும் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பல் டாக்டர் ஊசி போட்ட உதட்டில் எங்கோ ஓரிடத்தில் சுருக்கென்று தெரியுமே, அவ்வளவுதான்.

போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு முற்பகல். யானைகளுக்கு ஊற்றி முடித்திருந்தோம். அவள் புதுப்பாட்டு ஒன்று போட்டாள், அந்த வாரம்தான் வந்ததாம். மெஷின் குரலில் ஒரு பெண் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கீழே இருந்த சத்தம் மாறிக்கொண்டே வந்தது. நாலாவது முறை மாறியபோது நான் சிரித்துவிட்டேன். "நல்லாருக்குதுடி" என்று வாய்விட்டுச் சொன்னேன். நிஜமாகவே நன்றாக இருந்தது.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்தப் பாட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வாங்கினேன். வாங்கின கையோடு அவருக்கு அனுப்பினேன். யோசித்துச் செய்யவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு எது பிடித்தாலும் முதலில் போவது அவரிடம்தான், சண்டையோ சிரிப்போ அங்கேதான் ஆரம்பிக்கும். கீழே ஒரு வரியும் எழுதினேன்: "முழுசா கேட்டுட்டு அப்புறம் கிண்டல் பண்ணுங்க."

ஒரு டிக் விழுந்தது. இரண்டாவது டிக்குக்காகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவருடைய போன் பீரோவில், அவர் சட்டைகளுக்குக் கீழே, சார்ஜ் இல்லாமல் கிடக்கிறது. அதை வைத்தவளே நான்தான். இந்தப் பாட்டு அவர் போன பிறகு வந்தது. எனக்குப் பிடித்த ஒன்று அவருக்குத் தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை. குழியில் மண் போட்டபோது புரியாதது அப்போது புரிந்தது. அச்சு மேஜையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஊர் கூடி நின்றபோது வராத அந்த அழுகையை அழுதேன். அசிங்கமாக, சத்தம் போட்டு, மூக்கு ஒழுக அழுதேன்.

"அக்கா அழுவுறாங்க" என்று ஒருத்தி என்னைத் தூக்க ஓடி வந்தாள்.

"உடு, அழுவட்டும்" என்றாள் ஸ்ரீமுஷ்ணத்துப் பெண். என் வரிசை அச்சுகளை அவளே கவிழ்க்க ஆரம்பித்தாள். அதற்கு முன்னால், முதலாளி அறை வரைக்கும் என் சத்தம் கேட்காமலிருக்க, மண் கையோடேயே எட்டி ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தாள்.