தொட்டுவிட்டுப் போ

'டச் அண்ட் கோ' என்று எவனாவது சொன்னால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

சேலத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அப்பா மூளையில் ரத்தக்கசிவோடு ஐசியூவில் கிடந்தார். காலையில் டாக்டர் வெளியே வந்ததும் நானும் அம்மாவும் எழுந்து நின்றோம். போனைப் பார்த்தபடியே "இட்ஸ் டச் அண்ட் கோ" என்று சொல்லிவிட்டு லிப்டுக்குள் போய்விட்டார்.

டச் என்றால் தொடுவது, கோ என்றால் போவது. பள்ளிக்கூடம் பக்கமே போகாத அம்மாவுக்கும் தெரிந்த வார்த்தைகள்தான்.

"தொட்டுப் பாத்துட்டுப் போவச் சொல்றாருடா கண்ணு. அப்ப தேவலைன்னுதான அர்த்தம்?"

தமிழ்வழியில் பி.காம். முடித்த எனக்கும் அப்படித்தான் பட்டது. ஐசியூவில் அதிக நேரம் நிற்க விடமாட்டார்களே. அம்மா உள்ளே போய் அப்பாவின் காலைத் தொட்டாள். "மாடு கத்திக்கிட்டுக் கெடக்கும். வூட்டுக்குப் போயி தண்ணி காட்டிட்டு சாயங்காலம் வந்துர்றேங்க" என்று அவர் காதில் சொல்லிவிட்டு மொரப்பூருக்கு ரயிலேறினாள்.

ரயில் பொம்மிடி வருவதற்குள் அப்பா போய்விட்டார். நான்தான் போனில் சொன்னேன். அம்மா அங்கேயே இறங்கி, சேலம் போகும் ரயிலுக்காக பிளாட்பாரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரிடம் போய்க் கத்தினேன்.

"காலைலயே டச் அண்ட் கோன்னு சொன்னேனேப்பா. எந்த நிமிஷமும் எதுவும் நடக்கலாம்னு அர்த்தம்."

நல்ல தமிழில் சொன்னார், பாவி! எந்த நிமிஷமும் எதுவும் நடக்கலாம். இந்த நாலு வார்த்தையைக் காலையில் சொல்ல வாய் வலித்ததா? 'எதுக்கும் சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க' என்றிருந்தால்கூடப் போதும், எங்களுக்கு அந்த நொடியே புரிந்திருக்கும். அம்மா அந்தக் கதவை விட்டு நகர்ந்திருக்க மாட்டாள். இங்கிலீஷே கூடாதென்று நான் சொல்லவில்லை. நாங்களும் டென்ஷன், டைம்பாஸ் என்று பேசுகிறவர்கள்தான். ஆனால் வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் தெரிந்தாலும் மொத்தமாகப் புரியாத ஒரு பேச்சை, சாகக்கிடப்பவரின் பெண்டாட்டியிடம் வீசிவிட்டுப் போக எப்படி மனசு வருகிறது?

கருமாதிக்கு வந்தவர்கள் அம்மாவைத்தான் குடைந்தார்கள். "கடைசி நேரத்துல கூட இல்லாம ஏன் கெளம்புன?"

"டாக்டருதாங்க தொட்டுட்டுப் போவச் சொன்னாரு" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். இப்போதும் அதைத்தான் சொல்கிறாள். அதற்கு அர்த்தம் அது இல்லை என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.