பொறி படாத இடம்

ஒரகடம் கூட்டு ரோட்டில் நான் கிளினிக் வைத்திருந்த காலத்தில் இணையத்தைத் திருட்டுத்தனமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளியைப் பார்க்கும் அறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, நடுவில் பச்சைத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஊசி மருந்து வைக்கும் ஃபிரிட்ஜ், ஒரு ஸ்டூல், ஜன்னலோரம் என் லேப்டாப், அதில் செருகிய டேட்டா கார்டு. ஜன்னலை விட்டு இரண்டடி தள்ளி வைத்தாலும் சிக்னல் போய்விடும். சந்தேகம் வந்தால், ஊசி மருந்து இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போவேன். திரும்பி வரும்போது விஷயத்தோடு வருவேன்.

இந்தக் கூத்துக்கு ஒரு காரணம் இருந்தது. கிளினிக் ஆரம்பித்த புதிதில் லேப்டாப்பை மேசை மேலேயேதான் வைத்திருந்தேன். வடக்குப்பட்டு பக்கமிருந்து வந்த ஒரு அம்மாள், மாமியாரின் சர்க்கரை மாத்திரையையும் புதிதாகக் கொடுத்த மாத்திரையையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டார். நல்ல கேள்வி. நான் கணினியில் பார்த்துப் பதில் சொன்னேன். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "நீங்களே தேடிக்கினு இருந்தா நாங்க எங்க போறது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவே வாலாஜாபாத் டாக்டரிடம் போக ஆரம்பித்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் கோபப்பட்டு என்ன செய்வது? கையைப் பிடித்துப் பார்த்த உடனே நோய் தெரிகிறவர்தான் இங்கே டாக்டர். பார்த்துச் சொல்கிறேன் என்கிறவள் படிப்பு ஏறாதவள். லேப்டாப் அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் போனது.

கட்டுப்போட, ஊசி போட என்னோடு ஒரு அக்கா இருந்தார். உள்ளூர்க்காரர். நான் உள்ளே போய் நேரமாகிவிட்டால் வெளியே இருப்பவர்களைச் சமாளிப்பது அவர் வேலை. நேரமாவது என்றால் சொல்லி மாளாது. பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றும். சுற்றிக்கொண்டே இருக்கும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஸ்டூலில் உட்காரவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன். டேட்டா கார்டைப் பிடுங்கித் துடைத்து மறுபடி செருகுவேன். அந்த வருஷம் கரண்ட் வேறு நினைத்தபோது போகும், நினைத்தபோது வரும். லேப்டாப் பேட்டரி கீழே இறங்க இறங்க என் சத்தம் மேலே ஏறும். "டாக்டர், மெதுவா. வெளிய கேக்குது" என்பார் அக்கா.

என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் தெற்கிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். விளாத்திகுளம், சங்கரன்கோவில், கமுதி. ஷிப்டு, ஓவர்டைம் என்று ஓடிக்கொண்டே இருப்பார்கள். காய்ச்சல் என்று வந்தால் அவர்களுக்கு வேண்டியது ஒரு ஊசி. அன்றே கம்பெனி லைனில் போய் நிற்க வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். ஊர்த் தண்ணி குடித்தால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து போனால் காய்ச்சல் எப்படியடா இறங்கும் என்று நான் கத்தாத நாளில்லை.

கார்த்திகை மாச மழை விட்ட சமயம். ஒரு பையனை அவனுடைய ரூம்மேட் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பேருமே விளாத்திகுளம் பக்கம். கார்களுக்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்ன ஷெட்டில் வெல்டிங் வேலை. பையனுக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே ஒருமுறை வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனவன்தான். மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை, டெங்குவும் இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொன்னது. ஆனால் பையன் துவண்டு போயிருந்தான். கண் சிவந்திருந்தது. பேசும்போது கொஞ்சம் மூச்சு வாங்கியது. அந்த மூச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஊசி மருந்து பார்க்கிறேன் என்று உள்ளே போனேன். கல்லூரியில் என்னோடு படித்தவர்கள் ஒரு மின்னஞ்சல் குழு வைத்திருந்தோம். பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர்களும் அதில் உண்டு, என்னை மாதிரி ரோட்டோர டாக்டர்களும் உண்டு. அறிகுறிகளை எல்லாம் தட்டி அனுப்பினேன். போனதா இல்லையா என்றே தெரியவில்லை. வட்டம் சுற்றியது. வெளியே வந்து பையனைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அங்கே யார் இருக்கிறார்கள் எங்களுக்கு, ஊருக்கே போய்விடுகிறோம் என்றான் ரூம்மேட். சிங்கப்பெருமாள் கோயில் போய் அங்கிருந்து தெற்கே போகிற பஸ் பிடிக்கப் போகிறார்களாம். எவ்வளவோ சொன்னேன், திட்டியும் பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்து வந்த குழந்தையின் காதைப் பார்க்கிறேன், மனசு அதில் இல்லை. ஒரு பாட்டியின் பிரஷரை இரண்டு தடவை பார்த்தும் எண் மனசில் நிற்கவில்லை. சாக்குச் சொல்லாமலே எழுந்து உள்ளே போனேன். பதில் வந்திருந்தது. வேலூர்ப் பக்கம் வேலை செய்யும் தோழி எழுதியிருந்தாள். படிக்கும் காலத்திலேயே என்னைச் சீண்டாமல் அவளுக்குப் பொழுது போகாது. துணியை அவிழ்த்து உடம்பு முழுக்கப் பார்த்தாயா, இல்லை கையை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுகிறாயா என்று கேட்டிருந்தாள். கீழே ஒரு படம். மழை விட்ட பிறகு புதர்ப் பக்கம் போகிறவர்களைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி கடிக்கும், வலிக்காது, கடித்த இடத்தில் இப்படி ஒரு பொருக்கு வரும், பிறகு காய்ச்சல். சரியான மாத்திரை கொடுத்தால் இரண்டு நாளில் எழுந்து உட்காருவான், கொடுக்காவிட்டால் நுரையீரலில் இறங்கும் என்று எழுதியிருந்தாள்.

படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தது. முதலில் வெறும் தோல். பிறகு சிவப்பாக ஒரு வளையம். பிறகு நடுவே கறுப்புப் பொருக்கு, பீடியால் சுட்ட மாதிரி.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இந்த மாதிரிக் கறுப்புப் பொட்டு அந்தப் பையன் மேல் ஏகப்பட்டது இருந்தது. முழங்கையில், கழுத்தில், காதுக்குக் கீழே. வெல்டிங் பையன்கள் எல்லார் மேலும் இருக்கும். பொறி தெறித்த காயம். அக்கா தினமும் அதற்குத்தான் களிம்பு தடவி அனுப்புவார். இதில் எது பொறி, எது பூச்சி என்று எந்தக் கடவுள் வந்து சொல்வது?

அப்புறம்தான் உறைத்தது. பொறி படாத இடத்தில் ஒன்று இருந்தால்?

லேப்டாப்பை மூடாமல் அப்படியே கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பையனைப் பஸ் ஏற விடாதீர்கள் என்று நான் கத்தி முடிப்பதற்குள் அக்கா எனக்கு முன்னால் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். லாரி மேல் லாரியாக வந்துகொண்டிருந்த ரோடு. கையைக் காட்டிக்கொண்டே நடுவில் போய் நின்றுவிட்டார். நிறுத்தத்தில் பஸ் வந்து நின்றிருந்தது. பையனைப் படியில் ஏற்றிக்கொண்டிருந்தான் ரூம்மேட்.

"தம்பி, எறங்கு. டாக்டரம்மா வர்றாங்க, எறங்குன்றேன்ல" என்று அக்கா அவன் பையைப் பிடித்து இழுத்துவிட்டார். கண்டக்டர் சத்தம் போட்டார். நான் பதிலுக்குச் சத்தம் போட்டேன். பஸ் போய்விட்டது.

கிளினிக்குக் கூட்டி வந்து சட்டையைக் கழற்றச் சொன்னேன். கையில், கழுத்தில் இருந்ததெல்லாம் பொறிதான். மார்பில் இல்லை, முதுகில் இல்லை, அக்குளில் இல்லை. பேன்ட்டைத் தளர்த்து என்றதும் பையன் பெல்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அந்தக் காய்ச்சலிலும் அவனுக்கு வெட்கம். அக்காவை வெளியே அனுப்பினேன். அப்போதும் அசையவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் லேப்டாப்பைத் தூக்கி அவன் முகத்துக்கு நேரே வைத்தேன். ஒரு நோயாளிக்கு நான் லேப்டாப்பைக் காட்டியது, அந்த வடக்குப்பட்டு அம்மாள் எழுந்து போன பிறகு அன்றுதான்.

"இந்த மாதிரி ஒண்ணு, உள்ள எங்கயாவது இருக்கா?"

அவன் படத்தை வெகுநேரம் பார்த்தான். ரூம்மேட்டும் எட்டிப் பார்த்தான்.

"தொடையிடுக்குல ஒண்ணு இருக்கு மேடம். பொறி உள்ள விழுந்துருச்சின்னு நெனச்சேன்."

"மேல லெதர் ஏப்ரன், அதுக்குக் கீழ பேன்ட்டு. அதுக்குள்ள பொறி எப்படிடா போகும்?"

பெல்ட்டிலிருந்து கையை எடுத்தான். பார்த்தேன். படத்தில் இருந்தது அப்படியே இருந்தது. சிவப்பு வளையம், நடுவே கறுப்புப் பொருக்கு. பக்கத்தில் நெறி கட்டியிருந்தது. அதற்கான மாத்திரை என் அலமாரியிலேயே இருந்தது. முகப்பருவுக்கு வந்த பெண்களுக்கு நான் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே மாத்திரை. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முதல் மாத்திரையை என் கண் முன்னால் விழுங்க வைத்தேன். என்ன வியாதி, என்ன கொடுத்திருக்கிறேன் என்று சீட்டு எழுதி, ஆட்டோ பிடித்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். இந்த முறை ரூம்மேட் வாயைத் திறக்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். காய்ச்சல் இறங்கிவிட்டது, இட்லி கேட்கிறான் என்று ரூம்மேட் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதோடு லேப்டாப் மறுபடி மேசைக்கு வந்தது. ஜன்னலை ஒட்டி மேசையையே இழுத்துப் போட்டுக்கொண்டேன். போகிறவர்கள் போகட்டும் என்று நினைத்தேன், யாரும் போகவில்லை. அக்கா விஷயத்தை ஊரெல்லாம் பரப்பியிருந்தார். டாக்டரம்மா கம்ப்யூட்டர்ல பாத்து உசுரக் காப்பாத்திட்டாங்க என்று ஆகிவிட்டது. வெல்டிங் பையன்கள் வரிசையாக வந்து கையைக் காலை நீட்டினார்கள். பல்வலிக்கு வந்தவன்கூடச் சட்டையைத் தூக்கிக் காட்டி, "மேடம், இது பொறியா பூச்சியா?" என்பான். எனக்குச் சிரிப்பு வரும். அக்கா, "பூச்சி இல்ல, நீ குளிக்காத அழுக்குதான் கீது" என்று விரட்டுவார். அந்தச் சில நாட்கள் நான் கொஞ்சம் தலைகால் புரியாமல்தான் இருந்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அந்தப் பையனே வந்தான். வேலைக்குத் திரும்பச் சேர சர்டிபிகேட் வேண்டும். கன்னம் ஒட்டியிருந்தாலும் நன்றாக நடந்து வந்தான். எழுதிக்கொண்டே, புதர்ப் பக்கம் எதற்குப் போனாய் என்று கேட்டேன். அவன் நெளிந்தான். ரூமில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே கக்கூஸ், அதிலும் தண்ணீர் வராது, பின்னால் இருக்கிற முள்ளுக்காட்டுக்குத்தான் எல்லாரும் போவோம் என்றான்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான் மேடம்."

பேனாவைக் கீழே வைத்தேன். வேறு யாருக்காவது காய்ச்சல் வந்ததா என்று கேட்டேன். போன மாசம் ஒருத்தனுக்கு வந்தது, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டான், அப்புறம் ஊருக்குப் பஸ் ஏறினான் என்றான். எட்டயபுரம் தாண்டி ஒரு ஊர். திரும்பி வரவில்லை.

"போன் போட்டியா?"

"எடுக்கல மேடம். திருப்பூர்ல வேற கம்பெனில சேந்திருப்பான்னு நெனச்சோம். நெறைய பேரு அப்பிடிப் போயிருவாங்க."

இப்போது போடு என்றேன். நாளைக்கு என்றான். இப்பவே என்று மேசையைத் தட்டினேன். அவன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ எடுத்தார்கள். அவன் தன் பெயரைச் சொன்னான், கூட வேலை பார்க்கிறவன் என்றான். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தான். முகம் மாறியது. போனை என்னிடம் நீட்டினான். "அவங்க அப்பா. நீங்களே பேசுங்க மேடம்" என்றான்.

நான் டாக்டர் என்று சொன்னதும் மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். மகன் ஊர் வந்து சேர்ந்த அன்றைக்கே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்களாம். போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். என்ன காய்ச்சல் என்று யாரும் சொல்லவில்லையாம். அவனுடைய சாமான் ஏதாவது ரூமில் கிடந்தால் யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னார்.

நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்காமலும் இருக்க முடியவில்லை. உடம்பில் எங்காவது கறுப்பாக ஒரு பொருக்கு இருந்ததா என்று கேட்டுவிட்டேன்.



"இருந்துச்சு தாயி. இடுப்புக்குக் கீழ. கடைசியா குளிப்பாட்டையிலதான் பாத்தேன். வெல்டிங் பொறி தெறிச்சிருக்கும், எம்புள்ள எம்புட்டுக் கஷ்டப்பட்டிருக்கான்னு நெனச்சேன்." மூச்சை இழுத்து விட்டார். "பொறிதானே தாயி?"

லேப்டாப் எதிரே திறந்தே இருந்தது. வட்டம் எதுவும் சுற்றவில்லை, சிக்னல் நன்றாக இருந்தது.

"ஆமாங்கய்யா, பொறிதான்" என்றேன்.

எதிரே உட்கார்ந்திருந்தவன் தலையைக் குனிந்துகொண்டான்.