குதிரையின்ரை பல்லும் என்ரை மனுசன்ரை அரமும்

அரம் அராவிற சத்தம் கேட்டால் நான் இப்பவும் திரும்பிப் பாக்கிறன். சந்தையிலையெண்டாலும் சரி, கோயில் வீதியிலையெண்டாலும் சரி.

சண்டையாலை பெற்றோல் இல்லாத காலத்திலை எங்கடை உடுவில் வளவுக்கு ஒரு நெடுந்தீவு மட்டக்குதிரை வந்தது. அதை வளர்த்தவர் வெளிநாடு போகேக்கை என்ரை மனுசனிட்டை விட்டிட்டுப் போனார். மனுசன் தச்சு வேலை. பலகை ஏத்த வண்டிலுக்கு ஆச்செண்டு அவருக்குப் புளுகம், சந்தோசம் தாங்கேல்லை. எனக்கு விசர்தான் வந்தது. ரெண்டு மாடு நிக்கிற கொட்டிலிலை இது வேறையோ?

மாட்டுக்குச் செய்ததையே அதுக்கும் செய்தம். பனையோலை கிழிச்சுப் போட்டம், புண்ணாக்குக் கரைச்சு வைச்சம். பின்னேரத்திலை மாடுகள் படுத்துக் கிடந்து அசை போடும். இது நிண்டபடி நிக்கும், வாய் அசையாது. அசை போடாத சீவனுக்கு ஏதோ வருத்தம், நோய் எண்டுதானே எங்களுக்குத் தெரியும். மனுசன் ஓமமும் உள்ளியும் அரைச்சு உருட்டி வாய்க்குள்ளை திணிச்சார். மாட்டுக்கு மேல்வாயிலை முன்பல் இல்லை. அந்த நினைப்பிலை கையை விட்டவருக்குக் கடி வாங்கினதுதான் மிச்சம். நான் சிரிச்ச சிரிப்பு ஒழுங்கை முழுக்கக் கேட்டிருக்கும்.

குதிரை அசை போடாதெண்டு பிறகுதான் அறிஞ்சம். ஆனால் அது மெலிஞ்சுகொண்டு போனது உண்மை. புல்லைச் சப்பிச் சப்பி ஈர உருண்டையாக் கீழை விழுத்தும். கண்ணூறு நாவூறெண்டு செத்தல் மிளகாய் சுத்தி எரிச்சன். ஒண்டும் சரிவரேல்லை. கடைசியா மனுசன் அதின்ரை நாக்கை ஒரு பக்கத்தாலை இழுத்துப் பிடிக்க, நான் உள்ளுக்கை பாத்தன். கடைவாய்ப் பல்லுகளின்ரை விளிம்பு கத்தி மாதிரி. கன்னத்தின்ரை உள்பக்கம் எல்லாம் கிழிஞ்சு புண். சாப்பாடு முன்னாலை இருக்க, பசியோடை நிண்டிருக்குது, பாவம். எனக்கு அழுகை வந்திட்டுது.

"இஞ்சாரும், உந்த அரத்தை எடும். நாக்கை நீர் பிடியும்" எண்டார்.

கொஞ்சம் கொஞ்சமா அராவினார். பிறகு ஊறவைச்ச தவிடும், பொடியா வெட்டின புல்லும் குடுத்தம். விலா எலும்பு மறைஞ்சது. பல்லு கூராகிற நேரமெல்லாம் அதோடை கதைச்சுக் கதைச்சு அராவுவார். என்னோடை ஒருநாளும் இவ்வளவு பக்குவமாக் கதைச்சதில்லையெண்டு நான் பகிடி பண்ணுவன்.

தொண்ணூற்றி ஐஞ்சிலை ஆமி வருதெண்டு ஊரே வெளிக்கிட்டது. மழை. சனத்துக்குள்ளை வண்டில் நகர்ந்து நகர்ந்து, சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்திலை ஒதுங்கினம். அங்கை குதிரை திரும்பவும் புல்லை விழுத்தத் தொடங்கிச்சுது. அரமும் தவிட்டுச் சாக்கும் வீட்டிலை.

மனுசன் சைக்கிளை எடுத்தார். கன சனம் சாமான் எடுக்கத் திரும்பிப் போனதுதான்.

"போகாதேங்கோ. குதிரைக்காக ஆரும் போவினமோ?"

"அது பசியோடை நிக்குது. பாத்துக்கொண்டிருக்க ஏலுமோ உம்மாலை?"

என்னாலை ஏலாது. அது அவருக்குத் தெரியும்.

அவர் வரேல்லை. திரும்பி வந்த எல்லாரையும் கேட்டன். ஒருத்தரும் காணேல்லை. எனக்குத் தந்த கஞ்சியிலை பாதியைக் குதிரைக்கு வைச்சன். அது இருந்தால் அவர் வருவாரெண்டு ஒரு விசர் நினைப்பு. கஞ்சியையும் அது குடிக்காமல் விடத் தொடங்கினவுடனை, பள்ளிக்கூடத்தைச் சுத்தி வீடு வீடாக் கேட்டு ஒரு அரம் இரந்து வாங்கினன். ஒரு கையாலை நாக்கைப் பிடிச்சு, மற்றக் கையாலை அராவினன்.

அந்தச் சத்தத்துக்குக் குதிரை ரெண்டு காதையும் நிமித்தி, என்னைத் தாண்டிப் பள்ளிக்கூட வாசல் படலைப் பக்கம் பாத்தது. அவரைத் தேடுது. நானும் அரத்தை விட்டிட்டுத் திரும்பிப் பாத்தன்.