காத்தாடியின் எண்ணைத் தேடிய ஸ்டெல்லா ஆண்டி

ஸ்டெல்லா ஆண்டி இறந்த செய்தி எங்கள் வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. நான் பள்ளி முடிந்து வந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கைப்பேசியை என் பக்கம் நீட்டி, "நீயே படி" என்றார். மெழுகுவர்த்திப் படத்துக்குக் கீழே, காலையில் மருத்துவமனையில் காலமானார், நாளை அடக்கம் என்று இருந்தது. நான் வாசித்து முடித்ததும் அம்மா அடுப்படிக்குப் போய்விட்டார். அம்மாவும் ஆண்டியும் பேசிக்கொண்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

மலேசியாவில் எங்கள் ஊரான கெலாங் பாத்தாவில் ஆண்டியைப் பலருக்குத் தெரியும். மாதா கோயில் பாடகர் குழுவில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுகிறவர், விடியுமுன் மோட்டார்சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். அந்த வேலை என்ன என்பது உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். படைகளில் விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கென்று சிறிய விமானங்கள் உண்டு. அவை பழசாகி விலக்கப்பட்ட பிறகு சிலர் வாங்கிச் சீராக்கி மறுபடி பறக்க விடுகிறார்கள். அதற்குப் பழைய பாகங்கள் வேண்டும். ஒரு பாகம் எந்த விமானத்தில் இருந்தது, எவ்வளவு பறந்தது, எதற்காகக் கழற்றப்பட்டது என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் ஆண்டியின் வேலை. முழு வரலாறும் தெரியாத பாகத்தில் சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவார். அதற்குப் பிறகு அது பறக்காது.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "வா லா, லைப்ரரி. இன்னிக்கு எத்தன புக்கு தின்ன?" என்பார். ஒருமுறை பள்ளிக் கட்டுரைக்கு அவருடைய வேலையைப் பற்றி எழுதி எடுத்துப் போனேன். ஒரு சக்கரத்தைப் பற்றி, 'இது பல வீரர்களைச் சுமந்திருக்கலாம்' என்று எழுதியிருந்தேன். பேனாவை வாங்கி அந்த வரியை அடித்தார். "இருக்கலாம்னு எழுதுறதுக்கு நீ எதுக்கு? தெரிஞ்சா எழுது. தெரியலன்னா தெரியலன்னு எழுது. அதுல ஒன்னும் கேவலம் இல்ல." கட்டுரை பாதியாகச் சுருங்கிவிட்டது. எனக்குக் கோபம். அவர் சிரித்துக்கொண்டே மைலோ கலக்கிக் கொடுத்தார்.

எங்கள் வீட்டுச் சாமி மேடையில், குணா மாமாவின் படத்துக்குப் பக்கத்தில், விமான விசிறியின் ஒற்றைத் தகடு ஒன்று இருந்தது. நாங்கள் அதைக் காத்தாடி என்போம். குணா மாமா அம்மாவின் தம்பி. நான் பிறப்பதற்கு வெகு முன்பே, விமானப்படைப் பயிற்சியின்போது விமானம் விழுந்து இறந்தவர். சொன்னதைக் கேட்காமல் தாழப் பறந்தான், அவன் தப்புதான் என்று ஊரில் பேச்சு. கல்யாண வீடுகளில்கூட அம்மாவின் காதுபடச் சொல்வார்களாம். பழைய சாமான் கடைக்காரர் ஒருவர், உங்கள் மகன் விமானத்தில் இருந்தது என்று சொல்லி அந்தத் தகட்டைத் தாத்தாவிடம் கொடுத்திருக்கிறார். அதன் ஓரத்தில் ஒரு பள்ளம் உண்டு. வருகிறவர்களிடமெல்லாம் தாத்தா அதைத் தொட்டுக் காட்டி, "இந்த வெடிப்புதான் என் புள்ளையக் கொன்னுச்சு, அவன் தப்பு இல்ல" என்பார். தாத்தா போன பிறகு அம்மா அதற்குப் பொட்டு வைத்துப் பூப் போட்டு வந்தார்.

ஆண்டியும் அம்மாவும் பெக்கோக் ஊர்ப் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த உரிமையில்தான் அம்மா கேட்டார்: "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே ஸ்டெல்லா. வெடிச்ச சாமான நல்லா இருக்குன்னு பாஸ் பண்ணவன் யாருன்னு கண்டுபிடி. என் தம்பி பேரு சுத்தமாகணும்."

ஆண்டி காத்தாடியை மடியில் வைத்துப் பார்த்தார். பள்ளத்தின்மேல் கட்டைவிரல் நகத்தை இரண்டு முறை ஓட்டினார். அடிப்பகுதியில் குத்தியிருந்த எண்கள் மங்கியிருந்தன. மெல்லிய காகிதத்தை அதன்மேல் என்னை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. எனக்கு அது மந்திரம்போல இருந்தது. ஆனால் ஆண்டி வழக்கம்போல என்னைக் கேலி செய்யவில்லை. "தேடிப் பாக்கிறேன்" என்று மட்டும் சொல்லிக் காகிதத்தை மடித்துக்கொண்டார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சரசு, அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காரு."

"ஏன்டி, ஆளக் கண்டுபிடிச்சிட்டியா?"

"அது குணா ஓட்டுன பிளேன்ல இருந்தது இல்ல. வேற பிளேனோடது. தேஞ்சு போச்சுன்னு கழட்டிப் பழைய சாமானோட போட்டுட்டாங்க. குணா பயிற்சிக்குச் சேர்றதுக்கு முன்னாடியே."

"நம்பரத் தப்பாப் பாத்திருப்ப."

"பழைய பதிவு வச்சிருக்கிற ரெண்டு பேர்கிட்ட தனித்தனியாக் கேட்டேன். ரெண்டு பேரும் ஒன்னேதான் சொல்றாங்க. அதோட, இது நேரா இருக்கு சரசு. சுத்திக்கிட்டே தரையில மோதுனா வளைஞ்சு போயிடும்."

"அப்ப அந்த வெடிப்பு?"

"வெடிப்பு இல்ல. கல்லு பட்டிருக்கு. அரத்தால தேச்சு விட்டிருக்காங்க."

அம்மா காத்தாடியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப என் தம்பிதான் தப்பு பண்ணான்னு சொல்ல வர்றியா?" என்று கேட்டார்.

"ஐயோ, இல்லடி. இது அவனப் பத்தி நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல."

"நீ சும்மா இருந்திருக்கலாம்ல? எங்கப்பா இத நம்பிக்கிட்டேதான் செத்தாரு. யாருக்கு என்ன நட்டம்?"

"நீதானே சரசு கண்டுபிடிக்கச் சொன்ன."

"சரி, போ. இனிமே இங்க வராத."

ஆண்டி தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போனார். காத்தாடி அதே இடத்தில் இருந்தது. அம்மா பூப் போடுவதையும் நிறுத்தவில்லை.

அதன்பிறகு ஒருமுறை நான் அவரைப் பாசாரில், மீன் கடையில் பார்த்தேன். தலையில் துணி கட்டியிருந்தார், ரொம்பவும் மெலிந்திருந்தார். "டயட்டு லா, லைப்ரரி" என்றார். எனக்கு நோய் பற்றி அப்போது தெரியாது. மனத்தில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்: ஏன் ஆண்டி, தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் அம்மா உங்களோடு பேசிக்கொண்டிருப்பாரே? மீன்காரரிடம் மீதிக் காசை வாங்கிக்கொண்டு ஆண்டி சொன்னார்: "நான் ஒரு பாகத்தப் பத்திப் பொய்யாச் சொன்னா, யார் வீட்டுப் புள்ளையோ அத நம்பிப் பிளேன்ல ஏறி உக்காரும். உங்க வீட்டுக் காத்தாடி பறக்கப் போறதில்லதான். ஆனா வேலைக்கு ஒரு மாதிரி, சரசுக்கு ஒரு மாதிரி, எனக்குப் பேசத் தெரியாதும்மா." பிறகு, "அம்மா சாப்பிடுறாளா?" என்று கேட்டார்.

அடக்கத்துக்கு அப்பாவும் நானும்தான் போனோம். அம்மா வரவில்லை. ஆண்டியின் கணவர் அந்தோணி அங்கிள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒங்கம்மாகிட்ட ஒன்னு சொல்லச் சொன்னா. குணா ஓட்டுன பிளேனோட சாமான் ஏதாச்சும், ஒரு ஆணியாச்சும், எங்கயாவது இருக்கான்னு தேடிக்கிட்டே இருந்தா. ஆஸ்பத்திரியில மருந்து ஏறும்போதுகூடப் போன்ல யாருக்காச்சும் எழுதிக்கிட்டிருப்பா. எல்லாத்தையும் அப்பவே உருக்கிட்டாங்களாம். 'தேடினேன், ஒன்னும் மிஞ்சல'ன்னு சொல்லச் சொன்னா."

"வேற எதுவும் சொல்லலியா அங்கிள்?"

"இல்லம்மா. அவளத் தெரியும்ல ஒனக்கு."

வீட்டுக்கு வந்து அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். "எதுவரைக்கும் தேடுனாளாம்?" என்றார். கடைசிவரைக்கும் என்றேன். அம்மா சாமி மேடைக்குப் போய், காத்தாடியில் இருந்த குங்குமத்தை ஈரத்துணியால் துடைத்து, அதைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு சாஆ ஊரில் இருக்கும் பெரிய மாமாவுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அது தம்பியோடது இல்ல. அதுல வெடிப்பும் இல்ல."

"யாரு சொன்னா?"

"ஸ்டெல்லா."

"அவளுக்கு என்ன தெரியும்?"

"அவ செத்துட்டாண்ணே. இன்னிக்குத்தான் பொதைச்சாங்க." அம்மா மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி எப்படி விழுந்தான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அவன் தப்புன்னு யாராச்சும் சொன்னா, ஒனக்கு எப்படித் தெரியும்னு கேளு. தப்பில்லன்னு நாமளும் சொல்ல வேணாம்."

குணா மாமாவின் பெயர் சுத்தமாகவில்லை. இனி ஆகவும் போவதில்லை. அது எங்கள் வீட்டில் ஒரு பாரமாகவே இருக்கிறது. தன்னை வீட்டைவிட்டு அனுப்பிய தோழிக்காக, ஊசி குத்திய கையோடு ஆண்டி தேடினார். ஒன்றும் கிடைக்காதபோது, ஒன்றும் கிடைக்கவில்லை என்பதையே மறக்காமல் சொல்லி அனுப்பினார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வெறுங்கைச் செய்தியைத்தான்.