ஆஸ்டர் செடிகளோடு ஒரு தலைதீபாவளி

கல்யாணமான வருஷம் நான் குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் காவல். காவல் காக்கிற உடம்பு இல்லைதான். ஆனால் பங்களாவில் திருட்டுப் போகிற சாமானும் இல்லை. பின்கட்டில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். எனக்கும் என் மனைவிக்கும் அதுதான் வீடு.

சாரல் ஓய்ந்ததும் பங்களாக்கார அம்மா சென்னைக்குக் கிளம்பினார். போகும்போது, பூத்து ஓய்ந்திருந்த ஆஸ்டர் செடிகளைக் காட்டினார். குளிர்காலத்தில் வேர் செத்துவிடக் கூடாது, பொங்கல் கழித்து வரும்போது துளிர் இருக்க வேண்டும், இல்லையென்றால் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்றார். தண்டை ஒட்ட வெட்டி, வேர்மேல் வைக்கோல் போட்டு மூடச் சொன்னார். ஏதோ சீமைப் புத்தகத்தில் படித்த வைத்தியம். சீமையில் மேலே விழுவது பனி. குற்றாலத்தில் ஐப்பசியில் விழுவது மழை. வைக்கோல் ஊறிப் புளித்தது. அடியில் நத்தைகள் குடும்பம் நடத்தின. பக்கத்துப் பசு ஒன்று வேலி தாண்டி வந்து மேல்வைக்கோலைத் தின்றுவிட்டு, என்னை அனுதாபத்தோடு பார்த்தது. வேர்கள் அழுகத் தொடங்கின.

அந்த நேரத்தில் தலைதீபாவளிக்கு அழைக்க மாமனார் கீழப்பாவூரிலிருந்து கூண்டு வண்டியோடு வந்து நின்றார். செடியை விட்டு வர முடியாது என்றேன். அவர் செடியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

“மாப்ளே, இது எம் மவளுக்கு மூத்தாளா?”

என் மனைவி சிரிக்கவில்லை. செடிகளை வேர்மண்ணோடு தோண்டி, பழைய மண்சட்டிகளில் வைத்து வண்டியில் ஏற்றினாள். கூண்டுக்குள் சட்டிகள் சொகுசாக உட்கார்ந்தன. புது மாப்பிள்ளை நான் பின்னால் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனேன்.

வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். மாமியார் ஒவ்வொரு சட்டிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து உள்ளே கொண்டுபோனார். மாப்பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். நானும் அசட்டுச் சிரிப்போடு நின்றேன். மாப்பிள்ளை தலைதீபாவளிக்குக் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போனால் உறவை முறித்துக்கொண்டதாக அர்த்தமாம். பண்டிகை முடிந்து ஒரு சட்டியைத் தூக்கினபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. மாமியார் அழுதுவிட்டார்.

செடி இல்லாமல் போனால் அறை போய்விடும். செடியோடு போனால் உறவு போய்விடும். எனவே உட்கார்ந்துவிட்டேன். நடுநடுவே பஸ்ஸில் போய்ப் பங்களாவைத் திறந்து பார்த்துப் பூட்டிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவிடுவேன். கார்த்திகை போனது, மார்கழியும் வந்தது. குற்றாலத்து ஈரம் இல்லாத வெயிலில் சட்டிகள் துளிர்த்தன. எனக்குத் தொந்தி துளிர்த்தது.

மச்சினன் சட்டியைக் குனிந்து பார்த்துவிட்டு, “அத்தான், செடி நல்லா வேர் புடிச்சிட்டு. நீங்களும் புடிச்சிட்டீய போலுக்கே?” என்றான்.

வழி கண்டுபிடித்தது என் மனைவிதான். மகளுக்குப் பிறந்த வீட்டுப் பொங்கல்படிச் சீராகக் கொடுத்தால் எதுவும் வாசல் தாண்டலாமே என்றாள். அப்படியே, பொங்கப்பானை, கரும்பு, மஞ்சள்கொத்து எல்லாவற்றோடும் ஆஸ்டர் சட்டிகளும் சீராகக் குற்றாலம் திரும்பின. மாமியார் மறுபடியும் அழுதார். இது சந்தோஷ அழுகை என்றார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

செடிகளை மண்ணில் நட்டு நாலைந்து நாளில் பங்களாக்கார அம்மா வந்தார். துளிர்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“ஒங்க கை ராசியான கை. இனிமே குளிர்காலத்துல ஒரு நாள்கூட இந்த எடத்தை விட்டு நகரக் கூடாது.”

அறை தப்பியது. தலையாட்டினேன். பின்கட்டில் அதைக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி பொங்கல்படிக் கரும்பை முழங்காலில் வைத்து மளுக்கென்று ஒடித்தாள்.