மூக்கில் பட்டை போட்ட கொசு

கொசு பிடிப்பது என் வேலை என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அடுத்து, "அடிக்கிறதா, பிடிக்கிறதா?" என்று கேட்பார்கள். பிடிப்பதுதான். உயிரோடு, கால் ஒடியாமல், சிறகின் செதில் உதிராமல் பிடிக்க வேண்டும். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குக் கிழக்கே இருக்கும் உப்பங்கழி வரை, உப்புத் தண்ணீரில் எந்தெந்தக் கொசு வளர்கிறது என்று பார்க்கும் ஆய்வில் சில வருடங்களாக இருக்கிறேன். கடலூர்ப் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். அம்மா இன்றும் கூடை வைத்து மீன் விற்கிறாள். முழங்கால் புதையும் சேற்றில் நடக்க எனக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

உப்பங்கழியோரத்து மீனவ ஊர் ஒன்றுக்கு வழக்கம்போல் புழு எடுக்கப் போயிருந்தேன். கொசுவின் குஞ்சைத்தான் புழு என்போம். நீண்ட பிடி போட்ட கரண்டியால் தண்ணீரை மொண்டு வெள்ளைத் தட்டில் ஊற்றினால் அவை நெளிவது தெரியும். கருவாடு காயப்போட்டுக் கொண்டிருந்த ஒரு அக்கா என்னைப் பார்த்ததும் கையை நீட்டிக் காட்டினார். முழங்கை வரை தடித்துக் கிடந்தது.

"பொழுது சாஞ்சா வெளிய நிக்க முடியல. கருவாட்ட அள்ளாம உள்ள ஓடுறோம். புள்ளைங்களுக்கு ஒடம்பெல்லாம் புண்ணு. அந்தக் காடு இருக்கறதாலதான். வெட்டிப்புடறதுன்னு ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க."

ஊருக்குப் பின்னால் சுரபுன்னை, கண்டல் என்று அலையாத்தி மரங்கள் அடர்ந்து நின்ற கரை அது. நேரே ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனேன். வலை பழுது பார்த்துக் கொண்டிருந்தார். எங்கள் ஊரில் பெண் எடுத்தவர், எனக்கு மாமா முறை ஆகிறவர்.

"சுனாமியில அந்தக் காடுதான் காப்பாத்துச்சு, இல்லன்னு சொல்லல" என்றார். "ஆனா அது என்னிக்கோ வந்துட்டுப் போச்சு. கொசு தெனமும் கடிக்குதே, நான் என்னா பண்ணட்டும்?"

"கொஞ்ச நாள் குடுங்க மாமா. கொசு எங்கேருந்து வருதுன்னு பாத்துச் சொல்றேன்."

"அடுத்த பௌர்ணமி வரைக்கும்தான். அப்புறம் என்னக் கேக்காத."

மறுநாளிலிருந்து காட்டுக்குள்ளேயே கிடந்தேன். நண்டு வளை, மரப்பொந்து, வேர்களுக்கு இடையே தேங்கிய குழி என்று ஒன்று விடாமல் மொண்டு பார்த்தேன். புழு இருக்கத்தான் செய்தது, ஆனால் ஒரு ஊரையே உள்ளே விரட்டும் அளவுக்கு இல்லை. எடுத்ததைப் பாட்டில்களில் ஊற்றி, வாயில் கொசுவலை கட்டி, சிதம்பரத்தில் என் அறையில் வளரவிட்டேன். சாயங்காலமானால் திரும்ப ஊருக்குள் வந்து, கருவாட்டுக் களத்திலும் வீட்டு வாசல்களிலும் கொசு பிடித்தேன். அதற்கு ஒரு கண்ணாடிக் குழாயும் ரப்பர் குழலும் கொண்ட கருவி உண்டு. கொசு உட்கார்ந்த இடத்தில் குழாயை வைத்து வாயால் உறிஞ்ச வேண்டும். நடுவில் வலைத்துணி இருப்பதால் தொண்டைக்குப் போகாது. இதைச் சொன்ன பிறகும் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

அறையில் கொசுக்கள் வளர்ந்து வெளியே வந்தன. நுண்ணோக்கியில் காட்டுக் கொசுவையும் ஊருக்குள் பிடித்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஊருக்குள் கடித்த கொசுவுக்குக் கடிக்கும் மூக்கின் நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு பட்டை இருந்தது, கால்களிலும் பட்டைகள். காட்டில் எடுத்தவற்றில் ஒன்றுக்குக்கூட அந்தப் பட்டை இல்லை. காட்டுக் கொசுவும் கடிக்கும்தான், ஆனால் நாம் காட்டுக்குள் போனால் கடிக்கும். வீட்டு வாசலுக்கு வந்ததெல்லாம் வேறு இடத்துக் கொசு.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தது ஒரு மத்தியான வெயிலில். படகுத்துறைக்குப் புதிதாக மண் கொட்டிப் போட்டிருந்த சாலைக்கு அந்தப்புறம், உப்பு மண்ணில் வளரும் உமரிச் செடிகளுக்கு நடுவில் பெரிய குட்டை ஒன்று கிடந்தது. சாலைக்கு அடியில் தண்ணீர் போய்வரக் குழாய் பதித்திருந்தார்கள். கட்டட இடிபாடும் கிழிந்த வலையும் அதன் வாயை அடைத்துக் கொண்டிருந்தன. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏறும்போது தண்ணீர் தாழ்வான பக்கம் வழிந்து குட்டைக்குள் வந்துவிடும். திரும்பிப் போக வழியில்லை. கரண்டியை விட்டு எடுத்தேன். வெள்ளைத் தட்டு கருத்துப் போனது. அத்தனையும் புழு, தின்ன ஒரு மீன்குஞ்சு இல்லை.

அதையும் வளர்த்தேன். முதல் கொசு வெளியே வந்த காலையில் பல்கூட விளக்காமல் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்தேன். மூக்கில் பட்டை இருந்தது. அறையில் யாருமில்லை. கையைத் தட்டிக்கொண்டு நானே சத்தமாகச் சிரித்தேன்.

பௌர்ணமிக்கு முன்னால் மாரியம்மன் கோயில் முன்பு ஊர்க் கூட்டம் கூடியது. ஆண்கள் மட்டும் உட்காரும் கூட்டம். பெண்கள் தெருவோரம் நின்றபடி கேட்பார்கள். நான் பாட்டில்களோடு உள்ளே நடந்ததும் பேச்சு நின்றது.

தலைவர் மெதுவாகச் சொன்னார்: "இங்க பொம்பளைங்க பேசுற வழக்கம் இல்லம்மா."

"தெரியும் மாமா. எங்க ஊர்லயும் இல்ல. ஆனா காட்ட வெட்டுனப்புறம் பேசி என்னா ஆவப்போவுது?"

அவர் என் கையிலிருந்த பாட்டில்களைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை. நான் குட்டையைப் பற்றியும் குழாயைப் பற்றியும் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருவர் எழுந்தார்.

"கொசுன்னா கொசுதான். அதுல என்னா காட்டுக் கொசு, குட்டைக் கொசு?"

"மடவையும் கெளுத்தியும் ஒண்ணாண்ணே? ரெண்டும் மீனுதான். கெளுத்திக்கு வச்ச தூண்டில்ல மடவை மாட்டுமா?"

சிரிப்பு எழுந்தது. பூதக்கண்ணாடியையும் கொசு ஒட்டிய அட்டைகளையும் கொடுத்தேன். கைமாறிக் கைமாறி அவை தெருவோரத்துக்குப் போயின. கருவாட்டுக்கார அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு அங்கிருந்தே கத்தினார்: "ஆமாங்க, இதுக்கு மூக்குல பட்ட இருக்குது! அதுக்கு இல்ல! மொதல்ல கொழாயத் தொறங்க, காட்ட அப்புறம் பாக்கலாம்!" மற்ற பெண்களும் சேர்ந்து கொண்டார்கள். தலைவர் கையை உயர்த்தினார்.

"சரி. கொழாயத் தொறப்போம். கொசு கொறையலன்னா கோடாலிதான்."

கடப்பாரையோடு ஆண்கள் இறங்கினார்கள். அடைப்பு உடைந்ததும் குட்டையின் கருப்புத் தண்ணீர் உறுமிக்கொண்டு கழிக்குள் பாய்ந்தது. அடுத்து கடல் ஏறியபோது புதுத் தண்ணீர் அதே வழியாக உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே மீன்குஞ்சுகள் கூட்டமாக வந்தன. அப்போதும் எனக்குப் பயம் விடவில்லை. நான் எங்கோ தவறியிருந்தால் மரங்கள் போய்விடும். ஒவ்வொரு வாரமும் போய் மொண்டு பார்த்தேன். தட்டு மெல்ல மெல்ல வெளுத்தது. கொசு ஒரேயடியாக ஒழிந்துவிடவில்லை. கடற்கரையில் அது நடக்கவும் நடக்காது. ஆனால் பொழுது சாயும் நேரத்தில் பெண்கள் நிதானமாகக் கருவாடு அள்ளுவதைப் பார்த்தேன். "காடு இருக்கட்டும்" என்று தலைவர் சொல்லிவிட்டதாக அந்த அக்காதான் எனக்குச் சொன்னார்.

இந்தச் சேதியை நான் வீட்டுக்குச் சொல்வதற்குள் மீன் வண்டிக்காரர்கள் கடலூர்த் துறைமுகத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மா போன் செய்தாள். பின்னால் ஏலம் போடும் சத்தம் கேட்டது.

"ஊர்க் கூட்டத்துல பேசுனியாமே?"

"ஆமாம்மா."

"ஆம்பளைங்க எல்லாம் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. சொன்னதச் செஞ்சாங்க."

அம்மா போனை விலக்கிப் பிடித்து, பக்கத்தில் இருந்த யாரிடமோ, துறைமுகம் முழுக்கக் கேட்கும் குரலில் சொன்னாள்: "எம் பொண்ணுதான்! ஒரு காட்டையே நிக்க வச்சிருக்கா!"

போன வாரம் இன்னொரு ஊரிலிருந்து அழைப்பு வந்தது. கூட்டத்துக்கு வந்து கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டுமாம். பெண்களையும் உட்கார வைத்தால் வருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள்.